காவி பூசிய பன்னிரண்டு கல்

நான்காவது தடவையாகப் பிரஸ் வெடித்தபோது, எதிரே கேண்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கனகு பாப்பாதான்" என்றார். முதல் தடவை வெடித்தபோது கேண்டீனில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடினார்கள். இரண்டாவது தடவை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருவர் கடித்த வடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கனகலட்சுமிக்கு அதுதான் ரொம்ப வலித்தது. வெடித்ததுகூடப் போகட்டும், எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்களே என்று இருந்தது.

உசிலம்பட்டிக்காரி. முப்பது வயது. மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டில் இருக்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருடமாக அவள் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பச்சைக் கல்லை நீலக் கல்லாக்க வேண்டும். கேட்பதற்கு ஏதோ மாந்திரீகம் மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பூமிக்குள் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால், மேலே இருக்கும் பாறையின் கனம் முழுக்க அங்கே இறங்குகிறது. ஒலிவின் என்கிற சாதாரணப் பச்சைக் கல் அந்த நெரிசல் தாங்காமல் உள்ளுக்குள் இடம் மாறி உட்கார்ந்து நீலக் கல்லாகிவிடுகிறது. அதற்குப் பெயர் ரிங்வுடைட். சரக்கு ஒன்றுதான், உட்காரும் விதம்தான் வேறு. அவ்வளவு ஆழம் யாராலும் தோண்ட முடியாது என்பதால், அந்த நெரிசலை மேலே கொண்டுவந்து எள்ளளவு கல்லின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

அவளுடைய அப்பா காளை மானாவாரி விவசாயம் பார்ப்பவர், நாலு மாடு வைத்திருப்பவர். அவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அவள் வெகு நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. "மூணு பேர் சீட்டுல அஞ்சு பேரு உக்காந்தா, ஆளுக்கு ஒரு பக்கமாத் திரும்பி நெருக்கி உக்காருவாகள்லப்பா, அப்பிடித்தான்" என்றாள். காளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் போன் போட்டு, "கல்லு நீலமாயிருச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால், "சரி, சாப்புடு" என்று வைத்துவிடுவார். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அந்தப் பொறுமைதான் சில நாள் அவளை அழ வைக்கும்.

பிரஸ் என்பது இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு ராட்சசன். ஆயிரம் டன் எடையை இறக்கக் கூடியது. அதைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் அழகுபாண்டி அதற்கு வைத்திருந்த பெயர் 'பெரியவரு'. அந்தப் பெரியவர் நேராகக் கல்லை நசுக்க மாட்டார். நடுவில் எட்டு உலோகக் கட்டைகள் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவு, எஃகைவிடக் கடினம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை மட்டும் சீவியிருக்கும். எட்டையும் சேர்த்து வைத்தால் சீவிய மூலைகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை உண்டாகும். பச்சைக் கல் அந்த அறைக்குள்.

கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் பன்னிரண்டு வெள்ளைக் கல் துண்டுகள் ஒட்டவேண்டும். கல்சட்டி செய்யும் மாக்கல்லுக்குத் தம்பி முறை, அப்படி வழுவழுவென்று இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். அழுத்தம் ஏறும்போது அவை வெளியே பிதுங்கவும் வேண்டும், ஓடிப்போகாமல் பிடித்து நிற்கவும் வேண்டும். பிடி விட்டால், உள்ளே அடைபட்டிருந்த அத்தனையும் ஒரே நொடியில் வெளியே பாயும். கட்டைகள் சில்லுச் சில்லாகும். கேண்டீனில் டீ ஆற்றுகிறவர், "கனகு பாப்பாதான்" என்பார்.

நான்கு தடவையும் ஒரே இடத்தில்தான் வெடித்தது. காற்றின் அழுத்தத்தைப்போல ஒன்றரை லட்சம் மடங்குவரை நல்ல பிள்ளையாக ஏறும். அதற்குமேல் ஒரு அடி நகராது. அவளுக்கு வேண்டியதோ இரண்டு லட்சம்.

அன்று சில்லுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவளுடைய கைடு விஸ்வநாத் வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார். அன்று இரண்டு தடவை துடைத்தார்.

"இனிமே ஒரே ஒரு செட் கட்டைதாம்மா இருக்கு. பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை சென்னை லேப்லருந்து நம்ம வேலைய ஆய்வு பண்ண சாருலதா வர்றாங்க. இந்த ஆறு வருஷத்துல ஒரு நீலக் கல்லாவது காட்டணும். இல்லன்னா பிரஸ்ஸைக் கட்டடப் பிரிவுக்குக் குடுத்திரச் சொல்லி எழுதிருவாங்க."

"அவுங்க இத வச்சு என்ன சார் பண்ணுவாங்க?"

"செங்கல்லை நசுக்கி எம்புட்டு பலம்னு பார்ப்பாங்க."

கனகலட்சுமிக்கு வயிறு எரிந்தது. அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தை மேலே கொண்டுவருகிற பெரியவரைச் செங்கல் உடைக்கவா அனுப்புவது! ஆனால் நாலு வெடியை வைத்துக்கொண்டு வாதாட என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் அப்பாவின் போனுக்கு, "இன்னும் இல்லப்பா" என்றாள். "சரி, சாப்புடு" என்றார் காளை.

அடுத்த நான்கு நாள் இருந்த மிச்ச வெள்ளைக் கல்லை அறுத்தாள். கல் அதோடு தீர்ந்தது. பதின்மூன்று துண்டு தேறியது. ஒன்று கூடுதல். அவற்றைத் தட்டில் வரிசையாக அடுக்கிக் காய வைத்துவிட்டு, ஆயுத பூஜைக்கு ஊருக்கு பஸ் ஏறினாள்.

பூஜை விஷயத்தில் அழகுபாண்டியை யாரும் அசைக்க முடியாது. திருமங்கலம் பக்கம் லேத் பட்டறையில் வளர்ந்தவர். ஓடுகிற எந்த மெஷினும் வருடத்தில் ஒரு நாள் குளித்து, பொட்டு வைத்து, பொரி கடலை பார்த்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெரியவருக்கு வாழைக்கன்று கட்டினார், மாலை போட்டார். எட்டுக் கட்டைக்கும் சந்தனம், குங்குமம். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், வெர்னியர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. பிறகு தட்டில் இருந்த பதின்மூன்று வெள்ளைத் துண்டுகள் கண்ணில் பட்டன. அதுவும் உள்ளே போகிற சாமான்தானே, அதை மட்டும் விட்டால் மனசு கேட்குமா? வெள்ளையில் சந்தனம் எடுப்பாகத் தெரியவில்லை. வாசல் கோலத்துக்குக் காவிக்கல்லைக் கரைத்து வைத்திருந்தது ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. கோயில் சுவருக்கு வெள்ளையும் காவியும் அடிப்பார்களே, அந்தக் கணக்கில் ஒவ்வொரு துண்டுக்கும் பட்டை பட்டையாக, இரண்டு பக்கமும், பார்த்துப் பார்த்துப் பூசினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

விஜயதசமி அன்று காலையில் வந்த கனகலட்சுமிக்குத் தட்டைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணே, இது என்ன?"

"காவி. நல்லா இருக்குல்ல?"

"கழுவ முடியாதுண்ணே! கல்லு தண்ணிய உறிஞ்சிரும். கட்டையில உள்ள சந்தனத்த நான் ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிருவேன். இத என்ன பண்ணுவேன்?"

அழகுபாண்டியின் முகம் விழுந்துவிட்டது. அவள் பிளேடு எடுத்து ஒரு துண்டைச் சுரண்டிப் பார்த்தாள். மூன்றாவது சுரண்டலில் துண்டு இரண்டாக உடைந்தது. மிச்சம் பன்னிரண்டு. இனி ஒன்றில்கூடக் கை வைக்க முடியாது.

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். மெஷின் வேறு, மாரியம்மன் கோயில் சுவர் வேறு என்றாள். ஆறு வருடத்தை ஒரு கிண்ணத்தில் கரைத்துவிட்டீர்கள் என்றாள். அவர் பொரித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் போன பிறகு அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வெடிக்கும் அவளோடு உட்கார்ந்து சில்லு பொறுக்கியவர் அந்த மனிதர் ஒருவர்தான்.

யோசித்தாள். ஓட்டாமல் விட்டால் திங்கட்கிழமை காட்ட ஒன்றும் இல்லை. பிரஸ் போய்விடும். ஓட்டி வெடித்தாலும் பிரஸ் போய்விடும். ரெண்டும் ஒன்றுதான் என்றால் ஓட்டிப் பார்ப்பதில் என்ன வந்தது? துண்டுகளை அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைத்தாள். கேண்டீனுக்குப் போய் அழகுபாண்டியின் எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஓட்டுறோம்ணே. வாரீகளா?"

"காவியோடவா?"

"காவியோடதான்."

"வாரேன்" என்றார். உடனே ஒரு டீ சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அழகுபாண்டி வழக்கம்போல எலுமிச்சம்பழத்தைப் பெரியவருக்குச் சுற்றி வெளியே போட்டுவிட்டு வந்தார். பம்ப் ஓட ஆரம்பித்தது. அழுத்தம் ஏறுவது சும்மா விறுவிறுவென்று ஏறாது. மணிக்கணக்கில் இம்மி இம்மியாக ஏறும். பதினொரு மணிக்கு ஒரு லட்சம். ஒரு மணிக்கு ஒன்றரை. விஸ்வநாத் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அழகுபாண்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கனகலட்சுமி மானிட்டரைப் பார்க்காமல் தரையில் இருந்த ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனகு" என்றார் அழகுபாண்டி, காதிலிருந்து கையை எடுக்காமலே. "ஒண்ணு அறுவதுங்குது."

நிமிர்ந்தாள். ஒன்று அறுபத்திரண்டு. ஒன்று எழுபது. அந்த நம்பரை அவள் அந்த மானிட்டரில் பார்த்ததே இல்லை. மூன்றரை மணிக்கு இரண்டு லட்சம் வந்தது. மூவரும், பேசினால் பெரியவர் முழித்துக்கொள்வார் என்று பயந்தவர்கள்போல ஜாடையில் பேசிக்கொண்டார்கள். சூடேற்றி, ஆறவிட்டு, அழுத்தத்தை மெல்ல இறக்கும் வேலையை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை. எட்டுக் கட்டையும் முழுசாக இருந்தன. நடுவில் கல்லை அடைத்து வைத்திருந்த சின்னக் குப்பியை அறுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு பொடி விழுந்த மாதிரி, கருநீலமாக ஒரு கல்.

அன்று முதன்முதலாக, சாயங்காலம் வரை காத்திருக்காமல் அவளே போன் போட்டாள். "அப்பா, கல்லு நீலமாயிருச்சுப்பா." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நெசமாத்தானா?" என்றார் காளை. "சரி, சாப்புடு."

திங்கட்கிழமை சாருலதா வந்தார். ஐம்பத்தைந்து வயது, குட்டை முடி, தோளில் ஒரு கனத்த பை. பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"நாலு தடவை வெடிச்சுது. அஞ்சாவது தடவை வெடிக்கலை. என்ன மாத்துனீங்க?"

"காவி மேடம்" என்றாள் கனகலட்சுமி. பிதுங்கிக் கிடந்த துண்டுகளை எடுத்துக் காட்டினாள். "பழைய துண்டெல்லாம் தாள் மாதிரி மெலிஞ்சு போயிருக்கு, வழுக்கி வெளிய ஓடிருச்சு. இது கனமா நின்னுருக்கு. காவிப் பொடி சொரசொரன்னு கல்லைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு."

"பூஜை மேடம்" என்றார் அழகுபாண்டி.

சாருலதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வருஷம் பூஜை போட்டீங்களா?"

"வருசா வருசம் போடுறேன் மேடம்."

"அப்ப ஏன் வெடிச்சுது?"

"போன வருசம் காவி பூசலையே" என்றார் அழகுபாண்டி. சொல்லி முடித்த பிறகுதான் தான் எந்தக் கட்சிக்குப் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. விஸ்வநாத் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

சாருலதா சிரிக்கவில்லை. "ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். இந்த ஒரு கல்லை வச்சு நீ தீசிஸ் எழுதிரலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒரு கல்லை நம்பி பிரஸ்ஸை இங்கயே விடுங்கன்னு என்னால எழுத முடியாது. என் முன்னால இன்னொரு தடவை ஓட்டணும். காவி மட்டும். எலுமிச்சம்பழம், சூடம், விபூதி எதுவும் கூடாது. முடியுமா?"

கனகலட்சுமி எட்டுக் கட்டையையும் பார்த்தாள். ஐந்தாவது ஓட்டத்தைத் தாங்கியதே பெரிய விஷயம். வெடித்தால் காவி பூசியதும் வீண், பிரஸும் போய்விடும். பேசாமல் இருந்தால் பட்டம் கையில் இருக்கிறது. ஆனால் பெரியவர் செங்கல் உடைக்கும்போது பட்டத்தை எங்கே மாட்டிவைத்துப் பார்ப்பது?

"ஓட்டுறேன் மேடம். ஆனா வெள்ளைக் கல்லு தீந்துபோச்சு."

சாருலதா தோள் பையைத் திறந்து செங்கல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கல்லை மேசைமேல் வைத்தார். "உங்க கல்லுதான் சரியில்லையோன்னு நினைச்சுக் கொண்டுவந்தேன். பார்த்தா, ரெண்டுக்கும் பெட்டி நம்பர் ஒண்ணேதான். ஒரே பாறையில பாதி உங்களுக்கு வந்துருக்கு, பாதி எங்களுக்கு. இது எந்தப் பூஜையும் பார்த்ததில்லை."

திங்களும் செவ்வாயும் அறுத்தார்கள். சாருலதாவே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்தார். அழகுபாண்டி புதிதாகக் காவி கரைத்து, இரண்டு பக்கமும் பட்டை போடாமல் ஒரே சீராகப் பூசினார். பட்டை போட அவர் கை துறுதுறுத்தது கனகலட்சுமிக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணி. அழகுபாண்டிக்கு மட்டும் ஒரு தனி உத்தரவு இருந்தது. அறை மூலையில் நிற்கலாம், ஆனால் இரண்டு கையும் பேண்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பாவம், பழக்க தோஷத்தில் வரும் வழியில் எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டார். அதைக் கேண்டீனில் கொடுத்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு வந்து, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். உதடுகூட அசையவில்லை.

கனகலட்சுமி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். பம்ப் சுவிட்சைப் போட்டாள். பன்னிரண்டரைக்கு ஒன்றரை லட்சம் வந்தது, தாண்டியது. மூன்று மணிக்கு இரண்டு லட்சம் வந்து நின்றது. கேண்டீனிலிருந்து டீக்காரரே வந்து கதவருகே நின்று, "என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் குப்பியை சாருலதாவே அறுத்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. விஸ்வநாத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்ன நிறம்?"

"நீலம்" என்றார் சாருலதா. அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். விஸ்வநாத் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அழகுபாண்டி பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கலாமா என்று கேட்டார்.

சாருலதா அறிக்கைக் காகிதத்தை எடுத்தார். பிரஸ் இங்கேயே இருக்கட்டும் என்று நாலு வரி எழுதினார். கையெழுத்துப் போடும்முன் கனகலட்சுமியின் நோட்டை இழுத்து, ஓட்டம் தொடங்குவதற்கு முன் செய்தவை என்ற பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"இவ்வளவுதானே? இதுல எழுதாதது வேற எதுவும் செய்யலையே?"

கனகலட்சுமி எழுதாதது ஒன்று இருந்தது. ஒருவருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் ஆறு வருடமாக அந்த நோட்டில் அவள் ஒரு பொய் எழுதியதில்லை. நாலு வெடியையும் வெடி என்றுதான் எழுதியிருக்கிறாள்.

"ஒண்ணு செஞ்சேன் மேடம்" என்றாள். "சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி... பெரியவரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். வேணும்னு செய்யலை. பயத்துல கை தானாப் போயிருச்சு."

விஸ்வநாத் கண்ணாடியைக் கழற்றினார். சாருலதா பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஆறு அஞ்சுக்கு மேடம்."

சாருலதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஆறு பத்துக்கு. நீங்க எல்லாரும் மானிட்டரைப் பார்த்துட்டு இருந்தப்ப. ரெண்டையும் எழுது. புதுக் கல் வந்ததும் மூணாவது தடவை ஓட்டுவோம், அப்ப நான் சென்னையிலயே இருந்துக்கறேன்." சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் விஸ்வநாத்தைப் பார்த்தார்கள். அவர் துடைத்துத் துடைத்துத் தேய்ந்துபோன கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டே, "ஆறே கால்" என்றார்.

மூலையில் நின்றிருந்த அழகுபாண்டி மெல்ல இரண்டு கையையும் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்.

"அப்ப நான் ஒருத்தன்தான் சும்மா நின்னுருக்கேன்" என்றார்.